கள்ளியின் சாட்சி: பழிவாங்கும் கதைகளும் பார்ப்போர் உள்ளமும்

பழிவாங்கும் கதைக்குச் செவிசாய்க்காத மக்களினம் உலகில் இல்லை எனலாம். மொழி வேறுபடும், ஆயுதம் வேறுபடும், கதை சொல்லும் கருவியும் காலந்தோறும் வேறுபடும். ஆயினும், கொடுமைக்கு உள்ளானவர் மீண்டெழுந்து கொடுமை செய்தவரை எதிர்கொள்ளும் கட்டம் வந்ததும், கேட்போர் மூச்சடக்கி நிமிர்ந்து உட்காருவது எங்கும் ஒன்றுபோலவே நிகழ்கின்றது. அவ்வாறு நிமிர்ந்து உட்காரும் உள்ளம் உண்மையில் எதனை வேண்டி நிற்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நம்முள் எழுந்தமைக்கு ஒரு வகுப்பறை நிகழ்ச்சியே காரணம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தி முடித்த ஒரு பிற்பகலில், பின்வரிசை மாணவர் சிலர் தமக்குள் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். கண்ணகியைப் பற்றிய வாதம் என எண்ணி மகிழ்ந்து அருகில் சென்றோம். வாதமோ, 'அவன் சுட்டானா, சுடவில்லையா' என்பது பற்றியதாக இருந்தது. கைப்பேசியில் தாம் பார்த்து முடித்த ஜப்பானிய அசைபடத் தொடர் ஒன்றின் முடிவைக் குறித்தே அவர்கள் இரு பிரிவாகி நின்றனர். ஒரு மாணவரின் கண்கள் கலங்கியிருந்தன. பொம்மைப் படத்திற்காகவா இந்தக் கண்ணீர் எனக் கடிந்துகொண்டோம். "ஐயா, கண்ணகி கதையும் இதுவும் ஒண்ணுதானே?" என்று அவர் கேட்டார். அன்று விடை கூறாமலேயே வந்துவிட்டோம். அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்தி நாம் எழுதும் விடையே இக்கட்டுரை எனக் கொள்க.

தொடரும் அதன் பார்வையாளரும்

அசைபடத்தை ஜப்பானியர் 'அனிமே' என்பர். பிற நாடுகளில் அச்சொல் ஜப்பானிய அசைபடங்களை மட்டும் குறிக்கும். அசைபடம் என்றாலே சிறுவர்க்குரியது என நாம் கருதிவிடுகின்றோம். ஜப்பானிலோ, முதிர்ந்தோர்க்கென்றே குற்றம், அரசியல், வரலாறு ஆகிய பொருள்களில் அமைந்த தொடர்கள் பலவுள. மாணவர் வாதிட்ட தொடர் அவ்வகையினது. '91 டேஸ்' என்னும் பெயருடைய அது, ஷூகா என்னும் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டில் 12 பகுதிகளாக வெளிவந்தது.

கதைக்களம் ஜப்பான் அன்று, அமெரிக்கா. அந்நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சட்டம் மதுவைத் தடுத்ததேயன்றி மது வேட்கையைத் தடுக்கவில்லை. ஆதலின் கள்ளச்சாராயம் பெருந்தொழிலாயிற்று. அத்தொழிலைக் கைப்பற்றிய குற்றக்குழுக்கள் நகரங்களையே ஆண்டன. அத்தகையதொரு நகரில், ஏஞ்சலோ என்னும் சிறுவன் தன் தந்தை, தாய், தம்பி ஆகிய மூவரும் ஒரே இரவில் கொல்லப்படுவதை மறைந்திருந்து காண்கின்றான். தான் மட்டும் தப்பி ஓடுகின்றான். ஏழாண்டுகள் கழித்துக் கொலையாளிகளின் பெயர் குறித்த கடிதம் ஒன்று அவனுக்கு வருகின்றது. வேறு பெயர் பூண்டு அக்குழுவினுள் நுழைகின்றான். கொலை செய்த தலைவனின் மகனாகிய நீரோவுக்கு நண்பனாகின்றான். நட்பு வளர வளரப் பழியும் ஒவ்வொன்றாக நிறைவேறுகின்றது.

பார்த்த மாணவர் பலரிடமும் தனித்தனியே வினவினோம். அவர்கள் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அவர்தம் உணர்ச்சி மூன்று படிகளில் மாறியமை புலனாகின்றது. முதற்பகுதிகளில் அனைவரும் ஏஞ்சலோவின் பக்கமே நின்றனர். ஒவ்வொரு கொலையாளி வீழும்போதும் கைதட்டி மகிழ்ந்ததாக ஒளிவின்றிக் கூறினர். இடையில், குடும்பத்தை இழந்த ஏஞ்சலோவுக்கு உடன்பிறப்பாகவே இருந்த கோர்டியோ என்னும் இளமைத் தோழனை ஏஞ்சலோ தன் கையாலேயே சுட்டுக் கொல்ல நேர்கின்றது. இவ்விடத்தில் கைதட்டல் நின்றுவிடுகின்றது. கண்கலங்கிய மாணவர் கலங்கியதும் இக்காட்சியை நினைந்தே. இறுதியில் ஏஞ்சலோவும் நீரோவும் மட்டுமே எஞ்சிக் கடற்கரையில் நடக்கின்றனர். துப்பாக்கி ஒலி கேட்கின்றது. நீரோ தனியே வண்டியோட்டிச் செல்கின்றான். சுட்டதில் ஏஞ்சலோ இறந்தானா என்பது காட்டப்பெறவில்லை. இறந்தான் என்பார் ஒருசாரார். விட்டுவிட்டான் என்பார் ஒருசாரார். பிற நாட்டுப் பார்வையாளரும் இம்முடிவைக் குறித்து இவ்வாறே பிரிந்து நின்றனர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கைதட்டத் தொடங்கிய கை தாழ்ந்துவிட்டது. வெற்றி கேட்ட வாய் வினாக் கேட்கத் தொடங்கிவிட்டது. இது கதையில் நேர்ந்த பிழையன்று. கதையின் பயனே அதுதான்.

நாற்பத்தெழுவர் கதை

இத்தகைய பிளவு ஜப்பானியர்க்குப் புதிதன்று. 1701ஆம் ஆண்டில் அசானோ என்னும் சிற்றரசர், எடோக் கோட்டைக்குள் கிரா என்னும் அரண்மனை அலுவலர் மீது வாளுருவினார். அன்றைய நாளிலேயே அசானோ தற்கொலை செய்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டார். கிராவுக்குத் தண்டனை ஏதுமில்லை. தலைவனை இழந்த வீரருள் நாற்பத்தெழுவர் ஏறத்தாழ ஈராண்டுகள் காத்திருந்து, 1703 சனவரியில் கிராவின் மாளிகைக்குள் புகுந்து அவர் தலையைக் கொய்து, தம் தலைவரின் கல்லறை முன் வைத்தனர். பின்னர் அவருள் நாற்பத்தறுவர் தற்கொலை செய்துகொள்ளுமாறு அரசு ஆணையிட்டது.

அன்றைய அறிஞருலகம் இரண்டுபட்டது. விசுவாசத்தின் உச்சம் எனப் போற்றினார் சிலர். ஓக்யூ சொராய் போன்றோர், அவர்தம் நெஞ்சம் போற்றத்தக்கதாயினும் நாட்டின் சட்டத்தை மீறியமை பொறுக்கத்தக்கதன்று என்றனர். மக்களோ தீர்ப்புக்குக் காத்திராமல் அக்கதையைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். 1748இல் அது பொம்மலாட்ட நாடகமாயிற்று. பின்னர்க் கபுகி மேடையிலும் திரைப்படத்திலும் மீண்டும் மீண்டும் உயிர்பெற்றது. தோக்கியோ நகரிலுள்ள செங்ககுஜிக் கோயிற் கல்லறைகளில் இன்றும் மக்கள் ஊதுவத்தி ஏற்றுகின்றனர். பழிவாங்குதலை உரிமையாகக் கருதும் வழக்கத்தை ஜப்பானிய அரசு 1873இல் சட்டத்தால் தடை செய்தது. சட்டத்திலிருந்து அகன்ற பழி, கதையில் மட்டும் அகலாது நின்றுவிட்டது.

நாஞ்சில் நாட்டு நீலி

கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் பெயரைச் சொன்னால் முதியோர் உள்ளத்தில் எழுவது நீலி கதையே. பழையனூர் நீலி என வடதமிழகத்தில் வழங்கும் இக்கதை பழமை வாய்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதனைச் சுட்டியுள்ளார். நாஞ்சில் நாட்டில் இது வில்லுப்பாட்டாகப் பாடப்பெறுகின்றது.

வில்லிசையில் வழங்கும் வடிவம் வருமாறு. பொருளாசை கொண்ட ஒருவன், தன்னை நம்பிப் பின்தொடர்ந்து வந்த பெண்ணைக் காட்டினுள் உறங்கச் செய்து, தலையில் கல்லைப் போட்டுக் கொன்று, அவள் நகைகளைக் கவர்கின்றான். மனிதர் எவரும் அருகில்லை. உயிர் பிரியும் வேளையில் அவள் அருகில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சியாக அழைக்கின்றாள். தேடி வந்த அவள் அண்ணனும் அவ்விடத்திலேயே உயிர் துறக்கின்றான். கொன்றவனும் பாம்பு தீண்டி மாள்கின்றான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்க, அவள் நீலியாக வருகின்றாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் என ஊரவையில் முறையிடுகின்றாள். அவளை நம்பிய ஊர்ப்பெரியோர் எழுபதின்மர், வணிகன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்து, அவன் கையிலிருந்த காப்பாயுதத்தை வாங்கி வைத்துவிட்டு, இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கின்றான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் உயிர் துறக்கின்றனர்.

எம் இளமைக் காலத்தில், அண்டைத் தெருவில் நடைபெறும் கொடை விழாவின் வில்லுப்பாட்டு ஒலிபெருக்கி வழியே எம் வீட்டு முற்றம் வரை வரும். முஸ்லிம் குடும்பமாகிய எம்மவர்க்கு அவ்வழிபாட்டில் பங்கில்லை, கதையில் பங்குண்டு. வீசுகோல் வில்லின் நாணில் விழும் ஓசையும், உடுக்கையும் குடமும் ஒன்றாய் எழும் ஓசையும் கேட்டதும் எம் பாட்டியார் வாசற்படியில் வந்தமர்வார். கதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஆயினும் நாம் தூக்கம் தாளாது சாயும்போது, "மக்களே, அந்தப் பிள்ளைக்கு நியாயம் கெடச்சுதா?" என்று ஒவ்வோராண்டும் கேட்பார். கிடைத்தது என்போம். "அப்ப அந்த எழுபது பேருக்கு?" என்பார். இவ்விரண்டாம் வினாவுக்கு விடையளிக்க அன்று எமக்குத் தெரியவில்லை.

குமரி மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கொலையுண்டோர் கதைகளே இக்கலையின் உள்ளுறையாக விளங்குவதைக் காட்டியுள்ளார். நம் நாகர்கோவில் அறிஞர் அ. கா. பெருமாள் அவர்களும் இக்கதைகளைத் தேடித் தொகுத்து அரும்பணி ஆற்றியுள்ளார். அநியாயமாக மாண்டோரை இப்பகுதியினர் 'வெட்டுப்பட்ட வாதை' என்பர். கொலைக் கட்டம் பாடப்பெறும் வேளையிலேயே கூட்டத்தின் உணர்ச்சி உச்சமடையும், பெண்டிர் குரவையிடுவர், சாமியாடுவோர் எழுவர். அங்கே கேட்போர் கேட்போராக மட்டும் நிற்பதில்லை. ஆளில்லாக் காட்டில் நிகழ்ந்த கொலை ஊரறிய மீண்டும் நிகழ்கின்றது. அன்று கள்ளி நின்ற இடத்தில் இன்று ஊர் நிற்கின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி, காற்றாலைகளின் நடுவே அமைந்த முப்பந்தலில் நீலியே இசக்கியாக அமர்ந்திருக்கின்றாள் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. சினத்தோடு அலைந்தவளுக்கு ஓரிடம் அளித்து அமர்த்துவதோடுதான் கதை நிறைவுறுகின்றது.

பார்ப்போர் ஏன் பழிவாங்குவோர் பக்கம் நிற்கின்றனர்?

இம்மூன்று கதைகளையும் அருகருகே வைத்துக் காணின், அவற்றின் அமைப்பில் மூன்று கூறுகள் பொதுவாக இருப்பதை உணரலாம்.

முதலாவது, நீதி வழங்க வேண்டியவர் வழங்காமை. கள்ளியங்காட்டில் நீதி வழங்க ஆளே இல்லை. எடோவில் தீர்ப்பு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. ஏஞ்சலோவின் நகரிலோ சட்டம் குற்றக்குழுவின் காலடியில் கிடந்தது. இரண்டாவது, உண்மை அறிந்தோர் மிகச் சிலராக இருத்தல். செடியொன்று, மறைந்திருந்த சிறுவன் ஒருவன், தலைவனை இழந்த வீரர் சிலர். மூன்றாவது, அவ்வுண்மை நமக்கும் தெரிந்திருத்தல். கதையின் தொடக்கத்திலேயே கதைசொல்லி நம்மையும் சாட்சியாக்கிவிடுகின்றார். கதைக்குள் ஊரார் எவரும் அறியாத கொலையை நாம் அறிவோம். அறிந்ததைச் சொல்ல இயலாத சுமை நம் நெஞ்சில் ஏறுகின்றது. பழிவாங்குவோர் வாள் ஓங்கும்போது நமக்குக் கிடைப்பது குருதியின் இன்பமன்று. அச்சுமை இறங்கும் ஆறுதலே ஆகும்.

கண்ணகியின் கதையில் இது மேலும் தெளிவாகின்றது. பாண்டியன் அவைக்கு அவள் வாளோடு செல்லவில்லை, சிலம்போடு சென்றாள். அவள் முதலில் கேட்டது பழியன்று, விசாரணை. ஆராயாது அளித்த தீர்ப்பை ஆராயச் செய்தாள். உடைந்த சிலம்பினின்று தெறித்த மாணிக்கமே சாட்சி. குற்றம் உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் நீத்தான். வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் மதுரை எரிந்தது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்குமாறு அவள் தீக்கடவுளைப் பணித்தாள் என்கின்றது காப்பியம். விலக்கு வேண்டியது என்பதனாலேயே, பழி தானாக எல்லையறியாது என்பதை இளங்கோ உணர்ந்திருந்தார் எனலாம்.

மற்றொரு செய்தியும் உண்டு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்புக் கதையொன்றைக் கூறுகின்றது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பானாக இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு, மலையேறி வீழ்ந்து மாண்டாள். அவள் பெயரும் நீலி! கண்ணகியின் துயரத்துக்குப் பின்னே முன்னொரு நீலியின் துயரம் நிற்கின்றது. நாம் யார் பக்கம் நின்று அழுதோமோ, அவர் குடும்பத்தின் கையிலும் முன்னொரு குருதி. ஏஞ்சலோவின் தந்தையும் குற்றக்குழுவைச் சார்ந்தவரே என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. பழியின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் எங்கும் நிற்க இயலாது என்பதே இவற்றின் பொருள்.

எழுபதின்மரின் வினா

இப்போது எம் பாட்டியாரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். பழிவாங்கும் கதை ஒவ்வொன்றிலும் விலை கொடுப்போர் குற்றவாளிகள் மட்டும் அல்லர். நீலி கதையில் எழுபதின்மர்; சிலப்பதிகாரத்தில் ஒரு நகரம்; நாற்பத்தெழுவர் கதையில் அவ்வீரர்களே; '91 டேஸ்' தொடரில் கோர்டியோ. சிறந்த கதைசொல்லி இவர்களை மறைப்பதில்லை. நம் கண்முன் நிறுத்துகின்றார். அப்போதுதான் கைதட்டிய கை தாழ்கின்றது. எல்லாக் கதைகளும் இந்நேர்மையோடு சொல்லப்படுவதில்லை. வீழ்ந்தவரை எண்ணிக்கையாக மட்டும் காட்டி, வெட்டியவனுக்கு இசையும் ஒளியும் கூட்டும் படங்களும் தொடர்களும் இன்று மிகுதி. தென்மாவட்ட நாளிதழ்களில் 'பழிக்குப் பழி' என்னும் தலைப்பை நாம் பலமுறை படித்திருக்கின்றோம். அச்செய்திகளில் வரும் இளைஞரின் வயதைக் காணும்போது, நம் வகுப்பில் இருக்க வேண்டியவரே என நெஞ்சு பதைக்கின்றது. ஆகவே பழிவாங்கும் கதையைப் பார்க்கலாமா, கூடாதா என்பதன்று வினா. அக்கதை எழுபதின்மரைக் காட்டுகின்றதா என்பதே வினா.

நம் சமுதாயத்தார் அறிந்த வரலாறு ஒன்றையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். கி.பி. 624இல் நடந்த பத்ருப் போரில் தந்தையை இழந்த ஹிந்த், பழிக்காகக் காத்திருந்தார். மறு ஆண்டில் உஹதுப் போர்க்களத்தில், விடுதலை தருவதாக வாக்களிக்கப்பட்ட வஹ்ஷீ என்னும் அடிமையின் ஈட்டிக்கு அண்ணல் நபிகளாரின் (ஸல்) சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) இரையானார். அவர் உடலும் சிதைக்கப்பட்டது. கதைசொல்லி ஒருவர் இதனைக் கையில் எடுத்தால், அடுத்த பகுதி பழிவாங்கலாகத்தான் இருக்கும். கி.பி. 630இல் மக்கா நகரம் அண்ணலார் வசமாயிற்று. பழி தீர்க்கும் ஆற்றல் முழுமையாகக் கைவந்த அந்நாளில், ஹிந்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. பின்னர் வந்த வஹ்ஷீக்கும் கிடைத்தது. ஆயினும் தம் கண்முன் வராதிருக்க இயலுமா என்று வஹ்ஷீயிடம் அண்ணலார் கேட்டதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. இச்சிறு வேண்டுகோளில்தான் மன்னிப்பின் முழு எடையும் அடங்கியுள்ளது. மன்னித்தவர்க்கு வலி நீங்கிவிடவில்லை. வலியோடுதான் அவர் மன்னித்தார். ஹம்ஸா அவர்களின் இறப்பு மறக்கப்படவுமில்லை, இன்றுவரை நினைவுகூரப்படுகின்றது. சாட்சி நிலைக்க வேண்டும். பழி நிலைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நிறைவாக

அம்மாணவருக்கு நாம் கூறும் விடை இதுவே. ஆம், கண்ணகி கதையும் நீவிர் பார்த்த தொடரும் ஒரு வகையில் ஒன்றுதான். இரண்டிலும் ஒளிக்கப்பட்ட குற்றம் ஒன்று வெளிவருகின்றது. இரண்டிலும் நீவிர் சாட்சியாக அமர்த்தப்படுகின்றீர். நும் கண்ணீரைக் கடிந்தது எம் பிழை. கோர்டியோவுக்காகக் கலங்கிய கண், எழுபதின்மருக்காகக் கலங்கிய எம் பாட்டியாரின் கண்ணுக்கு உறவே. கடற்கரையில் சுட்டானா, சுடவில்லையா என்பதைத் தொடர் சொல்லாது விட்டது, அத்துப்பாக்கியை ஒருகணம் நும் கையில் கொடுத்துப் பார்ப்பதற்கே. நீவிர் அவனைச் சுட்டீரா, விட்டீரா என்பதை நும் நெஞ்சைக் கேளும்.

ஆனால் ஒன்று. கதை முடிந்து கைப்பேசியை வைத்த பின்னும் சாட்சியின் கடமை முடிவதில்லை. நம் தெருவிலும் விடுதியிலும் வகுப்பிலும் எவரோ ஒருவர் சிறுமைப்படுத்தப்படும்போது, கண்டவர் வாய்திறந்தால் அங்கே நீலி பிறக்க வேண்டிய தேவை இல்லாமற் போகும். கள்ளிச்செடிக்கு வாயில்லை, ஆதலின் அது மறுபிறவி வரை காத்திருந்தது. நமக்கு வாயுண்டு.